வியன்னாவில் மூன்று நாள்: ஒரு தொட்டிலும் ஒரு வானம்பாடியும்

எங்களிடம் இருந்தது சனிக்கிழமை மதியம் முதல் செவ்வாய்க்கிழமை மதியம் வரைதான். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. கோயம்புத்தூரிலிருந்து இரண்டு மாத விசாவில் மியூனிக்கில் என் வீட்டுக்கு வந்திருந்தார். அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை ரயில் ஏறினோம். மியூனிக்கிலிருந்து வியன்னாவுக்கு ரயில்ஜெட் என்ற விரைவு ரயிலில் நான்கு மணி நேரம். வார இறுதி என்றால் டிக்கெட்டோடு இருக்கையையும் முன்பதிவு செய்துவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அதைச் செய்யாத ஒரு குடும்பம் சால்ஸ்பர்க் தாண்டியும் வாசல் பக்கம் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தது.

கிளம்புவதற்கு முன் நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் பதினான்கு இடங்கள் இருந்தன. அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, "இத்தனையும் பாத்துட்டு எதைக் கண்ணு ஞாபகம் வெச்சுக்கறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தப் பயணத்தைக் காப்பாற்றியது. 1282 முதல் 1918 வரை, ஏறத்தாழ 640 ஆண்டுகள், ஹாப்ஸ்பர்க் என்ற ஒரே குடும்பம் இந்த ஊரை வைத்திருந்தது. அந்தக் குடும்பம் எங்கே வாழ்ந்தது, எதை வைத்துக்கொண்டது, எங்கே புதைக்கப்பட்டது என்பதை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். பெல்வெடெர் அரண்மனை, ஓபரா, பீத்தோவன் கல்லறை எல்லாம் அப்போதே அடிபட்டுப் போயின. கிளிம்ட்டின் 'முத்தம்' ஓவியத்தைப் பார்க்காமலா வந்தாய் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஆமாம், பார்க்கவில்லை. வருத்தமும் இல்லை.

சனி முதல் செவ்வாய் வரை போகிறவர்கள் கிழமையைக் கவனிக்க வேண்டும். ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட் முதல் துணிக்கடை வரை எல்லாம் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். நாங்கள் போனபோது கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. அரசக் கருவூலத்துக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் செவ்வாய் விடுமுறை. நான் இதைப் பார்க்காமல், திங்கள் காலை பத்து மணிக்கு அம்மாவைக் கலை அருங்காட்சியகத்தின் மூடிய கதவுக்கு முன் கொண்டுபோய் நிறுத்தினேன். கோடையில் நேரங்கள் மாறும் என்பதால், தங்கும் இடத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே ஒவ்வொரு இடத்தின் விடுமுறை நாளையும் பார்த்துவிடுங்கள்.

தங்கியது தலைமை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். பழைய நகரத்துக்குள் தங்கினால் வாடகை அதிகம். இங்கிருந்து யூ1 சுரங்க ரயிலில் மூன்றாவது நிறுத்தம் ஸ்டெபான்ஸ்பிளாட்ஸ். படி ஏறி வெளியே வந்தால் எதிரே புனித ஸ்டீபன் பேராலயம். மூட்டு வலி உள்ளவர்களோடு போகும்போது தூரத்தை மட்டும் கணக்குப் போடாமல், அந்தச் சுரங்க நிலையத்தில் லிப்ட் எந்த வாயிலில் இருக்கிறது என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகச் சில இடங்களில் தெருவையே சுற்ற வேண்டியிருக்கும்.

முதல் நாளே ஒரு அடி வாங்கினோம். வியன்னா சுரங்க ரயிலில் தடுப்புக் கதவுகள் கிடையாது. 72 மணி நேரச் சீட்டு இரண்டு வாங்கினேன். அதை நிலைய வாசலில் இருக்கும் சின்ன நீலப் பெட்டியில் ஒருமுறை செருகி, தேதியும் நேரமும் அச்சிட்டுக்கொண்டால்தான் செல்லும். நான் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே ஏறிவிட்டேன். இரண்டாவது நிறுத்தத்திலேயே பரிசோதகர் வந்துவிட்டார். சீட்டு வாங்கிய ரசீதைக் காட்டியும் பயனில்லை. ஆளுக்கு நூறு ஈரோவுக்கு மேல் அபராதம். தவறு என்னுடையதுதான், இயந்திரத்தின் திரையிலேயே 'இப்போதே செல்லுபடியாக்கிய சீட்டு', 'பிறகு செல்லுபடியாக்க வேண்டிய சீட்டு' என்று இரண்டு வகை இருந்தது. நீங்கள் முதல் வகையை எடுங்கள், அல்லது போனில் செயலி மூலம் வாங்கிவிடுங்கள். அம்மா அந்தத் தொகையை ரூபாயில் கேட்டார். நான் சொல்லவில்லை.

பேராலயத்தின் தெற்குக் கோபுரம் 136 மீட்டர் உயரம், ஏறுவதற்கு 343 படி. வடக்குக் கோபுரத்துக்கு லிப்ட் உண்டு. அது உயரம் குறைவுதான், ஆனால் பும்மெரின் என்ற பெரிய மணி அங்கேதான் இருக்கிறது. 1683-இல் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றபோது விட்டுப்போன பீரங்கிகளை உருக்கி 1711-இல் முதல் மணியை வார்த்தார்கள். 1945-இல் பேராலயம் தீப்பிடித்தபோது அது விழுந்து நொறுங்கியது. அந்தத் துண்டுகளையும் சேர்த்து உருக்கி வார்த்ததுதான் இப்போது இருக்கும் 20 டன் மணி. மேலே நின்றால் வண்ண ஓடு வேய்ந்த கூரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. குளிர் காற்றில் பத்து நிமிடம் நின்றோம். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அகஸ்டீனர் தேவாலயத்துக்குப் போனோம். ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் கல்யாணங்கள் பல இங்கேதான் நடந்தன. ஞாயிறு பதினோரு மணித் திருப்பலியில் பாடகர் குழுவும் இசைக் குழுவும் சேர்ந்து ஹெய்டன், மோட்ஸார்ட், ஷூபர்ட் எழுதிய திருப்பலி இசையை முழுதாக இசைப்பது வழக்கம். டிக்கெட் கிடையாது, காணிக்கை மட்டும்தான். கச்சேரி டிக்கெட்டுக்கு அலைகிறவர்கள் இங்கே அரை மணி நேரம் முன்னதாக வந்து உட்கார்ந்தால் போதும். ஆனால் அது வழிபாடு. நடுவில் எழுந்து படம் எடுக்கக் கூடாது. அம்மா கிறிஸ்தவர் இல்லை. ஒன்றரை மணி நேரம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டார்.

திருப்பலி முடிந்தபின் சிறு குழுவாக அழைத்துப்போய் இதய நிலவறையைக் காட்டினார்கள். ஹாப்ஸ்பர்க் குடும்பத்தில் ஒருவர் இறந்தால் உடலை மூன்றாகப் பிரித்து வைக்கும் வழக்கம் இருந்தது. உடல் கப்பூசின் துறவிகளின் நிலவறைக்கு, குடல் முதலியவை செப்புக் கலயங்களில் பேராலயத்தின் அடியில், இதயம் வெள்ளிக் கலயத்தில் இந்த அகஸ்டீனர் தேவாலயத்தில். 1654-இல் தொடங்கிய வழக்கம் 1878 வரை நடந்தது. மொத்தம் 54 இதயங்கள், இரண்டு வரிசைத் தட்டில். பெரிதும் சிறிதுமாகக் கோயில் கும்பம் போல இருந்தன. அதில் ஒன்றைக் காட்டி, இது நெப்போலியனின் மகனுடையது என்றார் வழிகாட்டி. "நெப்போலியன் மகன் இங்க எப்படி வந்தான்?" என்று அம்மா கேட்டார். அதிலிருந்து அடுத்த இரண்டு நாளும் நாங்கள் அந்தப் பையனின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தோம்.

அவன் கதை இது. ஆஸ்திரியாவைத் தோற்கடித்த நெப்போலியன், பேரரசர் ஃப்ரான்ஸின் மகள் மரி லூயிஸைக் கல்யாணம் செய்துகொண்டான். 1811 மார்ச்சில் பாரிஸில் மகன் பிறந்தான். பிறந்த உடனேயே 'ரோமின் அரசன்' என்று பட்டம். 1814-இல் நெப்போலியன் வீழ்ந்தபோது பையனுக்கு மூன்று வயது. தாய் அவனை வியன்னாவுக்குக் கூட்டிவந்தாள். அதன்பின் அவன் அப்பாவைப் பார்க்கவே இல்லை. இரண்டு ஆண்டு கழித்துத் தாயும் இத்தாலியின் பார்மாவை ஆளப் போய்விட்டாள். தாத்தாவின் அரண்மனையில், ஜெர்மன் பேசி, ஆஸ்திரிய இளவரசனாக வளர்ந்தான்.

தேவாலயத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஹோஃப்பர்க் அரண்மனையின் கருவூலம். எல்லாரும் கூடி நிற்பது புனித ரோமப் பேரரசின் மகுடத்துக்கு முன்னால். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எட்டுத் தகடுகளை இணைத்துச் செய்தது. பட்டை தீட்டாத கற்கள் நம் ஊர் பழைய கோயில் நகைகளில் இருப்பதைப் போலவே உருண்டையாக இருந்தன. அம்மா அதை ரசித்தார், ஆனால் அவர் நின்றுவிட்ட இடம் வேறு. ரோமின் அரசனுக்காக பாரிஸ் நகரம் 1811-இல் பரிசளித்த தொட்டில் அங்கே இருக்கிறது. 280 கிலோ வெள்ளி, மேலே தங்க முலாம். தலைமாட்டில் வெற்றித் தேவதை மாலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். கால்மாட்டில் ஒரு கழுகுக் குஞ்சு பறக்கத் தயாராக அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. "இதுல எந்தக் குழந்தை தூங்கும்?" என்றார் அம்மா. கருவூலத்தில் வெளிச்சம் குறைவு, உட்காரும் இடம் கொஞ்சம்தான். முட்டி வலிக்காரர்கள் காலையில் போவது நல்லது. நாங்கள் மதியம் போனோம், ஒரு மணி நேரத்துக்கு மேல் அம்மாவால் நிற்க முடியவில்லை.

சாப்பாட்டில் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். அம்மா சைவம், முட்டை கலந்தால் மட்டும் பரவாயில்லை என்பார். ஒரு உணவகத்தில் மெல்லிய பான்கேக்கைச் சேமியா போல நறுக்கிப் போட்ட சூப் இருந்தது. இதில் இறைச்சி இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார் பரிமாறியவர். இரண்டு கரண்டி குடித்தபின் அம்மாவுக்கு வாசனை சரியாகப் படவில்லை. மறுபடி கேட்டபோதுதான் தெரிந்தது: துண்டு இறைச்சி இல்லை, ஆனால் சூப்பே மாட்டெலும்பு வேகவைத்த நீர். வியன்னாவில் இது சாதாரணம். உருளைக்கிழங்கு சாலட்டில்கூட அந்த நீரை ஊற்றுவார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார், இரவு வரை எதுவும் சாப்பிடவில்லை. என் கேள்வியே தவறு. 'வெகெட்டாரிஷ்' என்ற சொல்லைச் சொல்லி, 'ரிண்ட்சுப்பே', அதாவது அந்த மாட்டெலும்பு நீர், சேர்த்திருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். பிறகு எங்களுக்குச் சரியாக வந்தவை: சீஸில் புரட்டிய கேசெஷ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸ், பொரித்த காளான், ஆப்பிள் ஸ்ட்ரூடெல், அப்புறம் பேரரசர் பெயரால் வழங்கும் கைசர்ஷ்மார்ன். அது பிய்த்துப் போட்ட தடிமனான இனிப்பு தோசை மாதிரி, முட்டை உண்டு. நாஷ்மார்க்ட் சந்தையில் ஃபலாஃபல் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் ஞாயிறு சந்தை கிடையாது. அன்றிரவு ரயில் நிலையக் கடையில் தயிரும் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கித்தான் அம்மாவுக்குக் கொடுத்தேன்.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். வியன்னாவின் குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து வருகிறது. முதல் நீர்வழியை 1873-இல் திறந்தார்கள், இரண்டாவதை 1910-இல். எங்கள் வீட்டில் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோம். அம்மா தெருக்குழாயில் ஒரு வாய் குடித்துவிட்டு, "நம்ம சிறுவாணிக்குப் பக்கத்துல நிக்கும்" என்றார். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்தச் சான்றிதழின் மதிப்பு தெரியும். காபி கடையிலும் காபியோடு ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துவிடுவார்கள். ஒரு மெலாஞ்ச் காபிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஓய்விடம் இந்த ஊரில் இல்லை.

திங்கள் காலை மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியதும் கப்பூசின் நிலவறைக்குப் போனோம். நோயர் மார்க்ட் சதுக்கத்தில் ஒரு எளிய துறவிகள் தேவாலயம்; வாசலைப் பார்த்தால் பேரரசர்கள் இருக்கும் இடம் என்று தெரியாது. உள்ளே குளிர், சால்வை வேண்டும். நடுவில் பேரரசி மரியா தெரேசாவும் கணவர் ஃப்ரான்ஸ் ஸ்டீஃபனும் சேர்ந்து கிடக்கும் பிரம்மாண்டமான பேழை. மூடிமேல் இருவரும் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அவள் உயிரோடு இருக்கும்போதே செய்யவைத்தது. பதினாறு பிள்ளை பெற்றவள். அவர்கள் காலடியில், எந்த அலங்காரமும் இல்லாத ஒரு செப்புப் பெட்டி. அது மகன் இரண்டாம் ஜோசப். மத சகிப்பு ஆணை பிறப்பித்தவர், அரச குடும்பத்தின் வேட்டைக்காடான ப்ராட்டரை மக்களுக்குத் திறந்துவிட்டவர். அந்த இரண்டு பேழைகளையும் சேர்த்து ஒரே பார்வையில் பாருங்கள். நான் படித்த எந்தப் பக்கமும் எனக்கு அந்த மனிதரை இப்படிக் காட்டவில்லை.

அம்மாவுக்குப் பிடித்தது இன்னொரு பேழை. மரியா தெரேசாவை வளர்த்த ஃபுக்ஸ் சீமாட்டி, ஹாப்ஸ்பர்க் குடும்பத்தில் சேராதவர். பேரரசி அவரையும் இங்கேயே வைக்கச் சொல்லிவிட்டாள். குடும்பத்துக்கு வெளியிலிருந்து இங்கே இடம் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

பையனைத் தேடினோம். தாய் மரி லூயிஸ் இருக்கிறாள், தாத்தா ஃப்ரான்ஸ் இருக்கிறார், அவன் இல்லை. ஹிட்லர் 1940 டிசம்பரில் அவன் உடலை பாரிஸுக்கு அனுப்பி அப்பாவிடம் சேர்த்துவிட்டான். ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்ஸுக்குக் காட்டிய நல்லெண்ண அடையாளம் அது. இதயமும் குடலும் வியன்னாவிலேயே நின்றுவிட்டன. அம்மா கொஞ்ச நேரம் மரி லூயிஸின் பேழைக்கு முன் நின்றார்.

வெளியே வரும் முன் இந்தக் கதவைப் பற்றி ஒன்று. கடைசிப் பேரரசரின் மகன் ஓட்டோ 2011-இல் இறந்தபோது பழைய சடங்கின்படி கதவைத் தட்டினார்கள். யார் என்று உள்ளிருந்து துறவி கேட்டார். அரச பட்டங்களை எல்லாம் வரிசையாகச் சொன்னார்கள். அவரை எங்களுக்குத் தெரியாது என்று பதில் வந்தது. இரண்டாம் முறை அவர் வகித்த பதவிகளையும் பெற்ற விருதுகளையும் சொன்னார்கள், அதே பதில். மூன்றாம் முறை, ஓட்டோ, சாகப்பிறந்த பாவி மனிதன் என்றதும் கதவு திறந்தது.

மதியம் யூ4 ரயிலில் ஷோன்ப்ருன். 1,441 அறைகள், அதில் சுமார் நாற்பதைக் காட்டுகிறார்கள். நுழைவு நேரம் குறித்த சீட்டு. முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள், வரிசை நீளம். சீட்டில் வகைகள் உண்டு. எல்லா அறைகளும் அடங்கிய முழுச் சுற்றை எடுங்கள், ஏனென்றால் குறுகிய சுற்று முடிந்த பிறகுதான் எங்களுக்கு வேண்டியது வந்தது. முதல் பாதியில் 68 ஆண்டு ஆண்ட ஃப்ரான்ஸ் ஜோசப்பின் இரும்புக் கட்டில் இருக்கிறது. 1830-இல் இதே அரண்மனையில் பிறந்தவர், 1916-இல் இந்தக் கட்டிலில் இறந்தார். நம் ஊர் விடுதிகளில் இருக்கும் கட்டிலைவிட அது பெரிதில்லை. பின் பாதியில் நீலச் சீன அறை. 1918 நவம்பர் 11 அன்று கடைசிப் பேரரசர் கார்ல் ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகிக் கையெழுத்திட்டது அங்கேதான்.

அதை அடுத்துச் சற்றுத் தள்ளி நெப்போலியன் அறை. 1805-இலும் 1809-இலும் வியன்னாவைப் பிடித்தபோது நெப்போலியன் இந்த அரண்மனையில் தங்கினான். 1832-இல் அவன் மகன் இதே அரண்மனையில் காசநோயால் இறந்தான், 21 வயதில். அறையில் அவன் முகத்தின் மரண அச்சு இருக்கிறது. பக்கத்தில் கண்ணாடிக்குள் ஒரு சின்னப் பறவை. அவன் வளர்த்த கொண்டை வானம்பாடி, பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். சாம்பல் கலந்த பழுப்பு நிறம்; நம் காட்டுமேட்டில் மழைக்கு முன் தரையிலிருந்து எழும்பிப் பறக்குமே, அந்தச் சாதிதான். 280 கிலோ வெள்ளித் தொட்டிலை முந்தின நாள் பார்த்திருந்தோம். அம்மா அந்தப் பறவைக்கு முன் நின்றது, மூன்று நாளில் வேறெங்கும் நின்றதைவிட அதிக நேரம். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

ஷோன்ப்ருன் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. மேட்டிலிருக்கும் குளோரியட் மண்டபம் வரை ஏறவில்லை. சரளைக் கற்பாதை, முட்டிக்கு ஆகாது. கீழே பெஞ்சில் உட்கார்ந்து இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

செவ்வாய் காலை திறக்கும் நேரத்துக்குக் கலை அருங்காட்சியகம் போனோம். இரண்டு மணி நேரம்தான் இருந்தது. அதனால் ஓவியர் ப்ரூகெலின் அறை மட்டும். உலகத்திலேயே அவருடைய ஓவியங்கள் அதிகம் ஒன்றாக இருக்கும் இடம் இது. நடுவில் உட்கார இடமும் இருக்கிறது. 1560-இல் வரைந்த 'குழந்தைகளின் விளையாட்டுகள்' படத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடுகிறார்கள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். பச்சைக்குதிரை. வளையம் ஓட்டுகிறான். பம்பரம். இடது ஓரத்தில் இரண்டு பேர் சிறிய எலும்புகளைத் தூக்கிப் போட்டுப் புறங்கையில் பிடிக்கிறார்கள், "அஞ்சாங்கல்லு!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். காவலாளி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஒரே அறையில் ஒன்றரை மணி நேரம். மற்ற அறைகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பும்போது ஜெர்மனி எல்லையில் போலீஸ் ஏறிக் கடவுச்சீட்டு கேட்டார்கள். ஷெங்கன் நாடுகளுக்குள் சோதனை இருக்காது என்று நினைத்துக் கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நகல் போதாது, அசல் வேண்டும். அம்மாவின் விசாவில் முடியும் தேதியைப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார் அந்த அதிகாரி. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அம்மா கடவுச்சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "மியூனிக்கிலிருந்து பாரிஸுக்கு ரயில்ல எவ்வளவு நேரம் கண்ணு?" என்று கேட்டார்.

ஆறு மணி நேரம்மா, என்றேன்.